டாப் ஸ்டேஷன் எந்த ரயிலுக்கு? போடியிலிருந்து மூணாறு வரை ஐந்து நாள்

முதல் நாள்: மதுரை – போடி

பொங்கல் கூட்டம் வடிந்த வாரம். மதுரை ஜங்ஷனில் காலைப் போடி வண்டியில் ஏறியதுமே ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. கூட வந்திருப்பவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அறுபத்தாறு வயது, போடியிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தப் பயணத்துக்குக் காரணமே அவர்தான். சின்ன வயதில் குடும்பத்தோடு மூணாறு போயிருந்தபோது டாப் ஸ்டேஷன் என்ற இடத்தில் வேனை நிறுத்தினார்கள். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஸ்டேஷன் எங்கே, ரயில் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அது சும்மா பேருப்பா என்றார்கள். மாமா மட்டும், "இருந்துச்சு மாப்ள, வெள்ளத்துல போயிருச்சு. எங்க அப்பத்தா தண்டவாளத்தைப் பார்த்திருக்கு" என்றார். அந்தப் பேச்சு இருபது வருஷமாக மனதில் கிடந்தது. இப்போதுதான் கிளம்ப வாய்த்தது.

விஷயம் இதுதான். மூணாறுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்புக்குக் கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் முறையான ரயில் பாதை அமைத்தார்கள். மலை விளிம்பில் இருந்த கடைசி நிறுத்தம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். அந்த இடம் பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டு வண்டியில் போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மேலே இருந்த ரயிலை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் அதை யாரும் திரும்பப் போடவில்லை.

நாங்கள் அந்த வழியைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போகிறோம். தேயிலை இறங்கிய வழியில்தான் ஆட்கள் ஏறினார்கள். மாமாவின் அப்பத்தாவும் அப்படி ஏறியவர்.

இன்று வந்த மதுரை – போடிப் பாதைக்கே ஒரு கதை இருக்கிறது. அது திறந்தது 1928 நவம்பர் 20. இந்தத் தேதியை ரயிலில் உட்கார்ந்து மறுபடி மறுபடி யோசித்தேன். மலை மேலே ரயில் அழிந்தது 1924, கீழே ரயில் வந்தது 1928. நடுவில் நாலு வருஷம். இரண்டும் ஒரே நாளில்கூடச் சேர்ந்து ஓடியதில்லை. மூணாறு ரயில் ஓடிய காலம் முழுக்கப் போடியில் ரயிலே இல்லை; போடிக்கு ரயில் வந்தபோது மேலே தண்டவாளம் இல்லை. அந்த வெள்ளம் மட்டும் வராமல் இருந்திருந்தால், மதுரையில் ஏறிப் போடியில் இறங்கி, நடுவில் மலையை எப்படியோ கடந்து, மேலே மறுபடி ரயில் ஏறி மூணாறு போயிருக்கலாம்.

இந்தப் போடிப் பாதையும் இரண்டு முறை செத்துப் பிழைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது போருக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். அப்புறம் 2010 டிசம்பர் கடைசியோடு மீட்டர்கேஜ் நின்றது. அகலப்பாதை வேலை இழுத்துக்கொண்டே போய், தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூன் 15ஆம் தேதியும் வண்டி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடிக்காரர்கள் ரயிலைப் பார்க்காமல் இருந்தார்கள். மாமா சொன்னார்: "அந்தப் பன்னெண்டு வருஷத்துல பொறந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைக, மொத வண்டி வந்த அன்னைக்கு ஸ்டேஷன்ல நின்னு பார்த்துச்சுக. நானும் நின்னேன்."

ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது மாமா எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். மலையை வெட்டிப் போட்ட பாதை அது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி, சத்தம் மாறும். மீட்டர்கேஜ் காலத்தில் வண்டி இங்கே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும், பையன்கள் இறங்கி ஓடி வந்து மறுபடி ஏறுவார்கள் என்றார். இப்போது வண்டி சீராகப் போய்விடுகிறது.

பழைய பாதையின் மேலேயே பெரும்பாலும் புதிய பாதை வந்துவிட்டதால் மிச்சம் என்று தேட அதிகம் இல்லை. ஒரு ஓடையில் மட்டும் புதுக் கான்கிரீட் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய கருங்கல் தூண் ஒன்று, மேலே ஒன்றும் தாங்காமல் நின்றது, உச்சியில் அரச மரக் கன்று. போடியில் இறங்கி ஸ்டேஷனுக்கு வெளியே நடந்தபோது வேலிக்கு நட்டிருந்த இரும்புத் தூண்களைப் பார்த்தேன். எல்லாம் பழைய மீட்டர்கேஜ் தண்டவாளத்தை வெட்டி நட்டது. சக்கரம் ஓடிய பக்கம் இன்னும் ஒரு மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது, மற்ற பக்கமெல்லாம் துரு செதில் செதிலாகக் கையோடு வருகிறது. ஒரு தூணில் எருமை ஒன்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

மாலையில் கடைத்தெரு. போடியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏலக்காய் வாசம்தான். நாளை கொட்டகுடி.


இரண்டாம் நாள்: முந்தல் – குரங்கணி – கொட்டகுடி

காலை ஏழு மணிக்கு ஆட்டோ. போடியை விட்டு மேற்கே வந்தால் முந்தல். அங்கே சாலை பிரிகிறது. ஒன்று போடிமெட்டுக்கு ஏறி மூணாறு போகும், இன்னொன்று குரங்கணிக்கு. மூணாறு போகிற வண்டிகள் வரிசையாக அந்தப் பக்கம் திரும்ப, நாங்கள் மட்டும் இந்தப் பக்கம். வழியெல்லாம் மாந்தோப்பு, இலவ மரம், பக்கத்திலேயே கொட்டகுடி ஆறு.

இந்த வழியில்தான் மாட்டு வண்டிகள் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. கொட்டகுடியிலிருந்து போடி வரை ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், வண்டிக்காரர்களுக்கு இரவும் பகலும் வேலை இருந்திருக்கும். தார்ச்சாலை போட்டாகிவிட்டது, வளைவுகள் மட்டும் மாட்டுக்கு ஏற்ற வளைவுகளாகவே இருக்கின்றன. எந்த ஏற்றத்திலும் ஆட்டோ திணறவில்லை. வண்டிமாடு ஏற முடியாத சரிவு இந்தப் பாதையில் எங்கும் வராது, அப்படித்தான் முதலில் வகுத்திருப்பார்கள்.

குரங்கணியில் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே மலைச் சுவர். அதன் விளிம்பில் எங்கேயோ டாப் ஸ்டேஷன். ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம், அதைக் கம்பிவடம் ஐந்து கிலோமீட்டரில் கடந்திருக்கிறது. பெட்டி ஒன்று மேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்து கீழே இறங்குவதை இங்கே நின்று ஒரு தலைமுறை தினமும் பார்த்திருக்கிறது.

ஒரு ஜீப் புறப்படத் தயாராக நின்றது. ஆட்டுக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா வந்து, "அண்ணே, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல எறக்கிவிடுவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சென்னை சென்ட்ரல் இல்லை. இந்த மலையின் பாதி உயரத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கம்பிவடத்துக்கு நடு நிலையம் இருந்த இடம். மேலே டாப், நடுவில் சென்ட்ரல், கீழே பாட்டம். கம்பி போய்விட்டது, பெட்டி போய்விட்டது, கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். பெயர் மட்டும் ஆட்டுக்குட்டியோடு ஜீப்பில் ஏறிப் போகிறது. டிரைவர், "அதுக்கு மேல ரோடு இல்லக்கா, நடக்கணும்ல" என்றார். "நடக்கிறதுதான" என்று அக்கா ஏறிக்கொண்டார்.

கொட்டகுடியில் ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் இருந்தார். மாமா அவரிடம், "ஐயா, அந்தக் காலத்து ரோப் எறங்குன எடம் எது?" என்று கேட்டார். அவர் எழுந்து வந்தே காட்டினார். புதர் மண்டிய ஒரு மேடு, கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் இடுப்பளவுக்கு நிற்கிறது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி நீளவாக்கில் கல்லால் கட்டிய தொட்டி போல ஒன்று. கம்பிவடத்தின் எடைக்கல் தொங்கிய குழியாக இருக்கும் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். பெரியவரின் தாத்தா வண்டி ஓட்டியவராம். "எங்க தாத்தா தேயிலையைக் குடிச்சதே இல்ல தம்பி. பொட்டி பொட்டியா ஏத்துனாரு, அம்புட்டுத்தான்" என்றார்.

மேலே போகும் ஒற்றையடிப் பாதை ஊருக்கு வெளியே தொடங்குகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதில் போகக் கூடாது, நாங்களும் போகவில்லை. 2018 மார்ச் 11 அன்று இந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நினைக்காமல் இங்கே நிற்க முடியாது. மலையேற வந்த இருபத்துமூன்று பேர் இறந்துபோனார்கள். ஊர்க்காரர்கள்தான் முதலில் ஓடியிருக்கிறார்கள். பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைதான் சொன்னார், நான் மேலே கேட்கவில்லை.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து மாமா அவருடைய அப்பத்தா கதையை முழுக்கச் சொன்னார். இதுவரை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். வெள்ளம் வந்த மறு வருஷம், பதினைந்து பதினாறு வயதில், கங்காணி ஒருவர் கூட்டிப்போன கும்பலோடு அவர் இந்தப் பாதையில் ஏறினார். தலையில் ஒரு பானை, அதற்குள் மாற்றுச் சேலை, கொஞ்சம் கம்பு மாவு. விடிகாலையில் கிளம்பி மேலே போய்ச் சேர இருட்டிவிட்டது. நடந்து போகும்போது தலைக்கு மேலே கம்பியில் மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தனவாம். "அரிசி மூட்டை கம்பியில போச்சு, நாங்க கால்ல போனோம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். கோபமாக இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்வது மாதிரி.

மேலே விளிம்பை எட்டிய பிறகு, டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில்தான் அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். அடியில் மண் கரைந்து போய், இரண்டு கம்பியும் கட்டைகளோடு அந்தரத்தில் பள்ளத்தின் மேலே தொங்கிக் கிடந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, அதுவரை அவர் ரயிலே பார்த்ததில்லை. தொட்டில் மாதிரி தொங்குச்சு என்பாராம்.

நேரமாகிவிட்டது. போடி திரும்பி எழுதுகிறேன். கால் வலிக்கவில்லை, நடக்கவே இல்லையே. மனதுதான் கனமாக இருக்கிறது.


மூன்றாம் நாள்: போடிமெட்டு வழியாக மூணாறு

முதலில் ஒரு திருத்தம். நேற்று எடைக்கல் குழி என்று எழுதினேனே, அது இல்லை. போடியில் மாமாவின் சித்தப்பா ஒருவர் எண்பத்தேழு வயதில் இருக்கிறார். படத்தைப் பார்த்ததுமே, "இது மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டிடா" என்றார். அவர் சின்னப் பையனாகக் கொட்டகுடியில் இருந்தபோது அதில் தண்ணீர் நின்றதாம். யோசித்தால் அதுதான் சரி. வண்டிகள் வந்து நின்று பெட்டி ஏற்றும் இடத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே. தொட்டியின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது ஏன் என்பதும் புரிந்துவிட்டது. மாடுகள் கழுத்தை வைத்துத் தேய்த்த தேய்மானம்.

இன்று பேருந்துப் பயணம் மட்டும்தான். முந்தலில் இந்த முறை மற்ற வண்டிகளோடு திரும்பினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு, போடிமெட்டு, எல்லைச் சோதனைச்சாவடி, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. நேற்று அண்ணாந்து பார்த்த விளிம்புக்குப் போய்ச்சேர இப்படிச் சுற்றினால் நூறு கிலோமீட்டர் ஆகிறது. கொட்டகுடியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் ஒரு பகல்.

மூணாறில் குளிர் அதிகம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன், நாளைதான் முக்கியமான நாள்.


நான்காம் நாள்: மூணாறு – மாட்டுப்பட்டி – டாப் ஸ்டேஷன்

நிறைய இருக்கிறது, நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

காலையில் நடந்தே ஊருக்குள் பார்த்தோம். அந்தக் காலத்தில் மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம்தான் இப்போது தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகம். ரயில் ஆற்றைக் கடந்த இடத்தில் உள்ள பாலத்தை ஊரில் அலுமினியப் பாலம் என்கிறார்கள். மாமா பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பாலத்திலிருந்து கட்டடத்துக்குப் போகும் பாதை எவ்வளவு மெதுவாக வளைகிறது பாருங்கள் என்றேன். மோட்டார் சாலைக்கு இப்படி வளையத் தேவையே இல்லை. ரயிலுக்குத்தான் வேண்டும்.

பிறகு ஒரு ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்த தமிழர், பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம் என்றார், மாமாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். நாங்கள் தேடுவது என்னவென்று சொன்னதும் அவர் ஆர்வம் எங்களைவிட அதிகமாகிவிட்டது. சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் எக்கோ பாயிண்ட், படகுத்துறை எல்லாவற்றையும் தாண்டி ஓட்டினார்.

பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை. நூறு வருஷம் ஆகிவிட்டது, தேயிலை எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆனால் ரயில் பாதைக்கு ஒரு குணம் உண்டு, அது திடீரென்று ஏறாது, திடீரென்று திரும்பாது. மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். தேயிலைச் சரிவில் பெண்கள் நடக்கும் பாதைகள் எல்லாம் மேலும் கீழுமாகப் போகும்போது, நடுவில் ஒன்று மட்டும் நூல் பிடித்த மாதிரி கிடையாகப் போனால் அங்கே நின்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு இடத்தில் நின்று பார்த்தோம். எட்டடி அகலத் திட்டு, மலைப் பக்கம் சீராக வெட்டப்பட்டிருக்கிறது, பள்ளத்துப் பக்கம் கருங்கல் அடுக்கிய தாங்குசுவர், கல்லுக்குக் கல் பாசி. இது ரயில் பாதை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மாட்டுப்பட்டி, பாலார் என்று அப்போதிருந்த நிலையங்களைக் கோடு போட்டுப் பார்த்தால் இந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சாலையின் சில பகுதிகளே பழைய ரயில் பாதையின் மேல்தான் போகிறது என்றும் தோன்றியது.

1902இல் போட்ட முதல் ஒற்றைத் தண்டவாளத்தை நினைத்துப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். யூவிங் முறை என்று பெயர். தரையில் ஒரே ஒரு தண்டவாளம், வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி அதன் மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்ணிலேயே உருளும். இழுத்தது எருதுகள். இதே முறையைப் பஞ்சாபில் பட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் கொண்டுவந்தார்கள், அதில் மிஞ்சிய ஒரு எஞ்சினைப் பழுது பார்த்து டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். மூணாறு அதற்கு ஐந்து வருஷம் மூத்தது. ஆனால் மூணாறின் ஒற்றைத் தண்டவாளத்தை இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆட்டோ அண்ணனுக்கு நான் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன். "அப்போ ரயிலுக்கும் மாட்டு வண்டிக்கும் பிறந்த பிள்ளைன்னு சொல்லுங்க" என்றார்.

1908இல் வந்தது இரண்டடிப் பாதை. ஊட்டி மலை ரயில் ஒரு மீட்டர் அகலம், அதைவிட இது குறுகல். டார்ஜிலிங் ரயிலின் அகலமும் இதேதான். குறுகலாக இருந்தால்தான் மலை வளைகிற இடத்திலெல்லாம் சேர்ந்து வளைய முடியும், வெட்டும் செலவும் குறைவு.

மாட்டுப்பட்டியில் அணைமேல் நின்றோம். இப்போது இருக்கும் அணை 1953இல் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒரு முறை இங்கே அணை கட்டப்பட்டது, மழையே கட்டியது. 1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். நாள் கணக்கில் மழை. மலைச்சரிவுகள் பெயர்ந்து, வேரோடு சாய்ந்த மரங்களும் சேறும் மாட்டுப்பட்டியில் இரண்டு மலைகளுக்கு நடுவில் வந்து அடைத்துக்கொண்டன. பின்னால் தண்ணீர் ஏரி போல நின்றது. அந்த அடைப்பு உடைந்தபோது கீழே மூணாறு ஊர், பாலங்கள், ரயில், எல்லாம் போயிற்று. மாங்குளம் வழியாக ஆலுவா போன பழைய சாலையும் அதே மழையில் போய்விட்டது, 1931இல் நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்தது. சாலையைத் திரும்பப் போட்டவர்கள் ரயிலைப் போடவில்லை. லாரி வரத் தொடங்கிய காலம், கணக்குப் பார்த்தவர்களுக்கு ரயில் கட்டுப்படியாகியிருக்காது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ அண்ணன் பேசாமல் இருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார், அவருடைய அக்கா வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் பெட்டிமுடியில் இருந்தார்கள் என்று. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி அங்கே மலை சரிந்து லயங்கள் புதைந்தன, எழுபது பேர். இதே மூணாறு மலைகள்தான், மேலே ஏறி வந்த அதே ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தான். ரயில் பாதை எங்கே போனது என்று தேடி வந்த எனக்கு அந்த இடத்தில் பேச்சு வரவில்லை. மாமா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

குண்டளை தாண்டி, எல்லப்பட்டிக்கு முன்னால் ஒரு லயத்தின் பக்கம் ஆட்டோவை நிறுத்தினார். "அண்ணாச்சி, நீங்க கேக்குறது இதுவான்னு பாருங்க." துணி காயப்போடும் கொடிக்கம்பம். கம்பியின் ஒரு முனை கொய்யா மரத்தில், மறுமுனை ஒரு இரும்புத் தூணில். தூணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தண்டவாளம். ஆனால் போடியில் பார்த்தது மாதிரி தடிமன் இல்லை. தலைப்பகுதி என் இரண்டு விரல் அகலம்தான். நடுத்தண்டு மெலிந்து, அடிப்பாகம் உள்ளங்கை அளவு. பல தடவை பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பெயிண்ட் உரிந்த இடத்தில் துருவின் நிறம் காய்ந்த பாக்கு மாதிரி இருக்கிறது. இடுப்பு உயரத்தில் இரண்டு ஓட்டை, இரண்டு துண்டுத் தண்டவாளத்தைப் பட்டை வைத்து முடுக்கிய ஆணி ஓட்டை. அதில் ஒன்றில் கொடிக்கயிறு கோத்திருந்தது. குழந்தையின் கம்பளிச் சட்டை இரண்டு, தேயிலை பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா ஒன்று.

வீட்டுக்காரப் பாட்டி வெளியே வந்தார். "அது எங்க மாமனார் காலத்துலேர்ந்து நிக்குதுய்யா. எத்தனை மழைக்கும் அசையாது" என்றார். ரயில் தண்டவாளம் பாட்டி இது என்றதும் தொட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் அதில் துணி காயப்போட்டவர், அப்போதுதான் புதிதாகப் பார்ப்பது போலத் தொட்டார். கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார். மாமா பேச்சோடு பேச்சாக அவருடைய அப்பத்தா எந்த எஸ்டேட் என்று சொல்ல, பாட்டி அந்தப் பக்கம்தான் தன் அம்மாவும் கொழுந்து எடுத்தார் என்று சொல்ல, கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

டாப் ஸ்டேஷன் போனபோது மணி மூன்று. இங்கே ஒரு விசேஷம், மூணாறிலிருந்து கேரளா வழியாகவே வர வேண்டும், ஆனால் வந்து நிற்கிற இடம் தமிழ்நாடு, தேனி மாவட்டம். சாலையோரம் கேரட், மக்காச்சோளம், தைலக் கடைகள். காட்சி மேடையில் கூட்டம். அதற்குச் சற்று முன்பே பக்கவாட்டில் இறங்கினால் கம்பிவட நிலையத்தின் இடிபாடு. கல் மேடை, இரும்பு போல்ட் நாலைந்து அரைச் சாண் உயரத்துக்கு மேடையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் மேல் இருந்த இயந்திரம் இல்லை. செடி மண்டிக் கிடக்கிறது, குறிஞ்சிப் புதர்களும் உண்டு. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும்.

விளிம்பில் நின்று கீழே பார்த்தோம். மூட்டம் கலைந்து கலைந்து மூடியது. நடுவில் ஒரு முறை தெளிந்தபோது கீழே பச்சைக்குள் சில ஓட்டு வீடுகள் தெரிந்தன. சென்ட்ரல் ஸ்டேஷனாக இருக்கலாம். ஆட்டுக்குட்டி அக்கா இந்நேரம் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். மாமா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எம்புட்டு ஒசரம் மாப்ள. தலையில பானையோட" என்று மட்டும் சொன்னார்.


ஐந்தாம் நாள்: நல்லதண்ணி, திரும்பும் வழி

காலையில் நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம். தேயிலை உருட்டும் பழைய இயந்திரம், படங்கள், துரைமார்களின் மரச்சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. நாங்கள் போனது ஒரே ஒரு பொருளுக்காக. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் எஞ்சின் சக்கரம். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இருபது நிமிஷம் நின்றோம். நேற்றுப் பார்த்த கொடிக்கம்பத்தின் இரண்டு விரல் அகலத் தலையில் இந்தச் சக்கரத்தின் விளிம்பு எப்படி உட்கார்ந்திருக்கும் என்று மனதில் பொருத்திப் பார்த்தேன்.

ரயிலை மறுபடி ஓட்டலாம் என்று அவ்வப்போது பேச்சு வருகிறது. வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும், மிஞ்சிய கல் மேடையைச் சுற்றிப் புதரை வெட்டி, இது என்ன என்று தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி எழுதி வையுங்கள் என்று இரண்டு மாநிலத்துக்காரர்களையும் கேட்கத் தோன்றுகிறது. அந்த வரிகளில் நடந்து ஏறியவர்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும்.

மதியம் பேருந்தில் போடி. மாமா வீட்டில் இறங்கிக்கொண்டார், நான் மாலை வண்டிக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளம்பும்போது அத்தையிடம், கொடிக்கம்பம் இருந்த லயத்துப் பாட்டிக்குக் கொடுத்தனுப்ப மாவடு ஊறுகாய் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார், ஆட்டோ அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த முறை முறைப்படி அனுமதி வாங்கி, கொட்டகுடியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வரையாவது நடந்து ஏற வேண்டும். மாமாவும் வருகிறேன் என்கிறார். முழங்காலுக்கு இப்போதிருந்தே எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி வந்துவிட்டது.